நாம் ஆடிய கான்ட்ரா எந்தக் கான்ட்ரா?

#1 மஞ்சக்குப்பத்தான்

கடலூரில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் கான்ட்ரா என்ற வீடியோ கேம் தெரியும். நீல பேண்ட், சிவப்பு பேண்ட், காட்டுக்குள் ஓட்டம், கடைசியில் அந்தச் சுவர். போன வாரம், அதைச் செய்த ஜப்பானிய நிறுவனமான கோனாமி 2019இல் வெளியிட்ட பழைய கான்ட்ராக்களின் தொகுப்பை வாங்கினேன். அதில் 1987இல் வந்த ஆர்கேட் மூலமும், அதாவது கேளிக்கை அரங்கில் காசு போட்டு ஆடும் பெட்டிக்குச் செய்த முதல் பதிப்பும், இருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை ஆடினேன். மூன்று நாளாக மனது அதிலேயே நிற்கிறது.

முதலில் திரை. உயரம் அதிகம், அகலம் குறைவு, கதவு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வலப்பக்கம் ஓட வேண்டிய காட்டில் எதிரி விளிம்பில் தலைகாட்டியதும் நம் மேல் வந்து விழுகிறான். அப்புறம் பனி நிலம். நாம் வீட்டு டிவியில் ஆடிய கேசட்டில் அது ஐந்தாவது ஸ்டேஜ். அதன்பின் எரிசக்தி மண்டலம், ஹேங்கர், எட்டாவதாக ஏலியன் குகை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டு, தனிப் பெரிய எதிரி. ஆர்கேடில் இந்த நான்கும் ஒரே ஓட்டமாகச் சேர்ந்து, பழகுவதற்குள் முடிந்துவிடுகின்றன.

இத்தனை வருடம் நாம் ஆடியது ஒரிஜினலின் சிறிய நகல் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் ஒரிஜினல்தான் சிறியதாக இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா? ஆர்கேட், ஃபேமிகாம் (நின்டென்டோவின் வீட்டு கேம் பெட்டி, நம்மிடம் இருந்தது அதன் நகல்), கம்ப்யூட்டர் என எதில் ஆடியவராக இருந்தாலும் எழுதுங்கள்.

#2 நெய்வேலிவாசி

தம்பி, ஒரு விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள். அந்தத் திரை ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் மூன்றாவது ஸ்டேஜுக்குப் போங்கள். அருவி.

பள்ளி விடுமுறையில் பம்பாயில் மாமா வீட்டுக்குப் போனபோது ஒரு கேளிக்கை அரங்கில் அந்தப் பெட்டியை நின்றுகொண்டே ஆடியிருக்கிறேன். அருவியில் ஏறும்போது தலைக்கு மேல் பாதித் திரைக்குப் பாறை தெரியும். எங்கே தாவுவது, எவன் மேலிருந்து சுடுகிறான் என்று முன்கூட்டியே பார்க்கலாம். டிவியில் ஏறும்போது அது கிடையாது. அடுத்த பாறை தெரிவதற்குள் மேலிருந்து ஒன்று உருண்டு வந்துவிடும்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். ஆர்கேட் பலகையில் இருந்தது யமஹாவின் ஒய்எம்2151. எட்டுக் குரல் கொண்ட எஃப்எம் ஒலிச் சில்லு. காட்டின் பாட்டு அதில் வரும்போது நெஞ்சில் இடிக்கும். வீட்டுப் பெட்டியில் இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு சாம்பிள் தடம். அவ்வளவுதான். உங்களுக்கு அது பிடித்திருப்பது பழக்கத்தால். தவறில்லை, ஆனால் மூலம் மூலம்தான்.

#3 கெடிலக்கரை

அருவி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் பேசாமல் இருந்த நாட்களில் பாதி அந்த ஸ்டேஜால்தான். மேலே ஏறுகிறவர் வேகமாக ஏறினால் திரை அவரோடு போய்விடும். கீழே இருப்பவர் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவார். அண்ணன் எப்போதும் முதலில் ஏறுவான். எனக்கு மூன்று லைஃபும் அங்கேயே காலி.

நெய்வேலி அண்ணே சொல்வதைப் படித்ததும்தான் புரிகிறது. அந்த உயரமான திரையில் கீழே நிற்பவருக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும், இல்லையா? அந்தச் சண்டையில் பாதிக்குக் காரணம் எங்கள் டிவி படுத்திருந்தது. இன்று அண்ணனுக்கு போன் செய்து சொல்லப்போகிறேன்.

#4 முத்தியால்பேட்டை

நான் புதுச்சேரி. நீங்கள் எல்லோரும் கேசட் கேசட் என்று எழுதுவதைப் படித்ததும் முதலில் குழம்பிவிட்டேன். எனக்குக் கேசட் என்றால் நிஜமான டேப் கேசட்தான்.

என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ஒரு விடுமுறைக்கு வந்தபோது அங்கே அவர் மகன் ஆடிப் பழசான ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464ஐக் கொண்டுவந்தார். பிரான்சில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த கம்ப்யூட்டர் அது. அதனுடன் கலர் மானிட்டரும் வந்ததால் எங்கள் டிவியைத் தேட வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரமே அந்த மானிட்டரில் இருந்துதான் போகும். விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே டேப் ரெக்கார்டர். கேசட்டைப் போட்டு, கிறீச்சிடும் சத்தத்தைச் சில நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் வரும்.

அந்தக் கேசட்டுகளில் ஒன்றின் பெயர் கிரைஸர். நீங்கள் சொல்லும் அதே காடு, அதே சுவர், அதே அருவி. கான்ட்ராவுக்கு ஐரோப்பாவில் வைத்த பெயர் அதுதான். கான்ட்ரா என்ற சொல்லை நான் கேட்டதே கல்லூரியில், கடலூர்ப் பையன் ஒருவன் சொல்லித்தான். "அது கிரைஸர்டா" என்று அவனோடு ஒரு மதியம் முழுக்க வாதாடியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பாரீசில் என் பெரியப்பா மகனிடம் பின்னால் நின்டென்டோ இருந்தது. அதில் இதே ஆட்டத்துக்கு ப்ரோபோடெக்டர் என்று பெயர். ஓடுவது மனிதர்கள் இல்லை, ரோபோக்கள். 1990இல் ஐரோப்பாவுக்கு அப்படி மாற்றித்தான் விட்டார்கள். மனிதனை மனிதன் சுடும் ஆட்டங்கள் மீது ஜெர்மனியில் இருந்த கெடுபிடிதான் காரணம். அவனுக்கு நீல பேண்ட்டும் தெரியாது, சிவப்பு பேண்ட்டும் தெரியாது. எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆட்டத்தின் பெயரே வேறாக இருந்தது.

#5 மஞ்சக்குப்பத்தான்

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன்! ஆம்ஸ்ட்ராடில் எப்படி இருந்தது? நாம் ஓடும்போது திரையும் கூடவே ஓடுமா? பழைய கம்ப்யூட்டர்களில் ஆர்கேட் ஆட்டங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் எல்லா இடத்திலும் படிக்கிறேன்.

#6 முத்தியால்பேட்டை

ஓடாது. அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் என் வாதமே அதில்தான் இருக்கிறது.

ஆம்ஸ்ட்ராடில் 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலி. படத்துக்கு மட்டும் 16 கிலோபைட் நினைவகம். ஃபேமிகாமில் இருப்பது போல உருவங்களைத் தனியாக மிதக்கவிடும் வன்பொருள் கிடையாது. வீரன், குண்டு, எதிரி என எல்லாவற்றையும் செயலியே அழித்து, பின்னணியைத் திரும்ப வைத்து, புது இடத்தில் வரைய வேண்டும். அதோடு பின்னணியையும் மெல்ல நகர்த்தச் சொன்னால் செயலிக்கு வேறு எதற்குமே நேரம் இருக்காது. வேறு பல ஆட்டங்களில் அதைச் செய்யப் போய், நத்தை வேகத்தில் தள்ளித் தள்ளி நகர்ந்து கெட்டுப்போனது.

கிரைஸரை ஓஷன் நிறுவனம் வெளியிட்டது. ஆம்ஸ்ட்ராட் பதிப்பின் நிரல் ஜான் பிராண்ட்வுட், படங்கள் மார்க் ஜோன்ஸ். அவர்கள் திரையை ஓட்டுவதைக் கைவிட்டார்கள். காட்டைத் தனித்தனித் திரைகளாக வெட்டினார்கள். வலது விளிம்பைத் தொட்டால் அடுத்த காட்சி. அதில் மிச்சமான நேரம் முழுவதையும் நிறத்துக்கும் அசைவுக்கும் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் 16 நிறம். காடு காடாகவே இருக்கும், தாவினால் கையோடு வரும்.

திரை திரையாக ஆடும்போது ஆட்டத்தின் குணமே மாறுகிறது. ஒவ்வொரு காட்சியும் ஒரு புதிர். உள்ளே நுழைந்ததும் எவன் எங்கே நிற்கிறான், எங்கே குனிவது, எங்கே தாவுவது என்று கணக்குப் போட வேண்டும். ஓட்டம் போய் நிதானம் வந்தது. அடுத்த திரையில் என்ன இருக்கும் என்று விளிம்பில் நின்று ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் காலை வைப்பேன்.

ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய கம்ப்யூட்டருக்கு வந்த பதிப்பையும் பின்னால் எமுலேட்டரில் (பழைய இயந்திரம் போல நடிக்கும் நிரல்) பார்த்தேன். அந்த இயந்திரத்தில் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரத்துக்குள் இரண்டே நிறம்தான் நிற்கும். வீரன் ஒரு மரத்தைத் தாண்டினால் ஒன்றின் நிறம் இன்னொன்றின் மேல் ஏறிவிடும். அதற்குப் பயந்து நிறத்தையே அடக்கிவைக்க வேண்டும். கோனாமியே 1989இல் எம்எஸ்எக்ஸ்2 கம்ப்யூட்டருக்குச் செய்தபோது அவர்களும் திரை திரையாகத்தான் வெட்டினார்கள். மூலத்தை எழுதிய நிறுவனமே அந்த இயந்திரத்தில் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தது என்றால், ஆம்ஸ்ட்ராட்காரர்கள் எடுத்த முடிவு சரிதான்.

கெடுத்துவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எதை விடுவது என்று தெரிந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். எதையும் விட மனமில்லாதவர்கள்தான் கெடுத்தார்கள்.

#7 கெடிலக்கரை

"எதை விடுவது என்று தெரிந்தவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியே ஃபேமிகாமுக்கும் பொருந்துகிறது. இரண்டாவது ஸ்டேஜின் உள்தளம். தொகுப்பில் நானும் இப்போதுதான் பார்த்தேன். ஆர்கேடில் அதற்கு வரைபடம் காட்டுகிறார்கள், நேரக் கெடுவும் வைக்கிறார்கள். கடிகாரம் பதற்றப்படுத்திக்கொண்டே இருக்கிறது. நம் வீட்டில் அந்த இரண்டும் இல்லை. ஓர் அறை, அடுத்த அறை, சுவரில் இருக்கும் கருவியை உடை, உள்ளே போ. நானும் அண்ணனும் பேசிப் பேசி ஆடியது அந்த ஸ்டேஜில்தான். நீ இடது, நான் வலது. கடிகாரம் ஓடியிருந்தால் அந்தப் பேச்சு இருந்திருக்காது.

#8 சால்டர்_திருப்பாப்புலியூர்

இந்த இழையை நாலு நாளாகப் படிக்கிறேன். தொழில் டிவி, இப்போது மொபைல். தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் இந்த வீடியோ கேம் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அடாப்டர் போனது, ரிமோட் வயர் அறுந்தது, கேசட் போடும் இடத்தில் பின் வளைந்தது. நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

நீங்கள் ஆடிய கான்ட்ரா மெதுவான கான்ட்ரா.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும். நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 தடவை. ஆட்டத்தின் நிரல் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை வேலை செய்யும்படி எழுதப்பட்டது. ஒரு படத்துக்கு ஒரு அடி. அங்கே நொடிக்கு 60 அடி, இங்கே 50 அடி. அதாவது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைவு. அங்கே ஒரு நிமிடத்தில் முடிவது இங்கே 72 நொடி எடுக்கும்.

நகல் பெட்டிகளைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். என் மேசையில் திறந்த பழைய பலகைகளில் யூஎம்சி என்ற தைவான் நிறுவனத்தின் யூஏ6527பி செயலியும் யூஏ6538 படச் சில்லும் இருக்கும். ஜப்பான் முறையில் ஒரு படத்துக்கு 262 வரி, பால் முறையில் 312 வரி. மிகுதி 50 வரியை எங்கே வைப்பது? படம் முடிந்த பிறகு, நிரலுக்கு "அடுத்த படம் வரப்போகிறது" என்று தட்டி எழுப்பும் நேரத்துக்கு முன்னால் வைத்தார்கள். அதனால் ஜப்பான் கேசட்டும் அமெரிக்கக் கேசட்டும் கணக்குத் தப்பாமல் இந்தப் பெட்டியில் ஓடின. வேகம் மட்டும் குறைந்தது.

பாட்டும் அப்படியே. சுருதி கிட்டத்தட்ட மாறாது, ஒரு சதவீதம்கூட இறங்காது. ஏனென்றால் சுருதியைத் தீர்மானிப்பது செயலியின் கடிகாரம், அது ஏறக்குறைய அதேதான். ஆனால் அடுத்த சுரத்துக்கு எப்போது போவது என்பதை நிரல் படக் கணக்கில்தான் எண்ணுகிறது. எனவே தாளம் மட்டும் நிதானமாகும். யூடியூபில் காட்டின் பாட்டைக் கேட்டு "ஏதோ அவசரமாக வாசிக்கிறார்களே" என்று தோன்றியவர்கள் கை தூக்குங்கள். உங்கள் காதில் குறை இல்லை.

இன்னொரு சேதி. ஜப்பான் கேசட்டில் காட்டில் தென்னை மாதிரி மரங்கள் காற்றில் அசையும், பனி நிலத்தில் பனி பெய்யும், ஸ்டேஜுக்கு நடுவே வரைபடமும் படக்கதையும் வரும். அதற்காகக் கோனாமி விஆர்சி2 என்ற தனிச் சில்லைக் கேசட்டுக்குள் வைத்தது. பின்னணிப் படங்களைக் கணத்தில் மாற்றிக்கொடுக்கும் சில்லு. அமெரிக்காவுக்கு விட்டபோது அந்தச் சில்லு இல்லை, கடையில் கிடைக்கும் சாதாரண லாஜிக் ஐசிதான், 128 கிலோபைட் நிரல். அதனால் மரம் நின்றது, பனி நின்றது. என்னிடம் வந்த நகல் கேசட்டுகள் எல்லாவற்றிலும் இருந்தது அந்த அமெரிக்கப் பதிப்புதான். தனிச் சில்லு தேவையில்லாததை நகலெடுப்பது சுலபம்.

ஆக ஆர்கேடில் இருந்து ஃபேமிகாமுக்கு, அங்கிருந்து அமெரிக்காவுக்கு, அங்கிருந்து நகல் கேசட்டுக்கு, கடைசியில் 50 படம் காட்டும் நம் டிவிக்கு. நாலு கை மாறித்தான் திருப்பாப்புலியூருக்கு வந்தது.

#9 மஞ்சக்குப்பத்தான்

சார், நான் கை தூக்குகிறேன். தொகுப்பில் நம் பதிப்பை ஆடியபோதும் தாவல் தப்பிக்கொண்டே இருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

இதைப் படித்ததும் பழைய நினைவு ஒன்று வந்தது. எங்கள் தெருவில் வீட்டின் முன்அறையில் இரண்டு டிவி வைத்து மணிக்கணக்கில் ஆட விடுவார்கள். ஒரு மணி நேரம் ஐந்து ரூபாய். ஆர்கேடில் காசு ஆட்டத்துக்கு. நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் பெட்டிக்கு அடுத்த காசு. வீட்டில் கேசட் வாங்கியவருக்கு ஆட்டம் நீள வேண்டும், சீக்கிரம் முடிந்தால் ஏமாற்றம். பனி நிலமும் ஹேங்கரும் தனித்தனி ஸ்டேஜாக வளர்ந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கடை இரண்டிலும் சேராது. அங்கே காசு நேரத்துக்கு. செத்தாலும் கடைக்காரருக்கு லாபமில்லை, பிழைத்தாலும் நஷ்டமில்லை. அதனால் அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்: மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, அப்புறம் ஸ்டார்ட். இரண்டு பேர் ஆட ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். முப்பது லைஃப்.

அந்த வரிசையை முதலில் வைத்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் என்ற இன்னொரு ஆர்கேட் ஆட்டத்தை ஃபேமிகாமுக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தார். சோதித்துப் பார்க்கக்கூட முடியாத அளவுக்கு ஆட்டம் கடினமாக இருந்ததால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி. ஆர்கேட் ஆட்டத்தை வீட்டுக்கு மாற்றும் மேசையில் பிறந்த சாவி அது. 2020இல் அவர் காலமான செய்தியைப் படித்தபோது அந்தப் பத்து அழுத்தங்களையும் மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன். வரிசை மறக்கவில்லை.

சார் கணக்குப்படி பார்த்தால் ஐந்து ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிட ஆட்டம்தான். ஆனாலும் அந்த வேகத்தில்தான் எட்டு ஸ்டேஜும் முடித்தோம்.

#10 நெய்வேலிவாசி

சால்டர் சார் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி. கிரைஸர் விளக்கமும் அருமை. காட்டிலும் உள்தளத்திலும் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், கடைசி நான்கு ஸ்டேஜையும் கூட. ஃபேமிகாமில் அவற்றைப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள், மாற்றினார்கள் என்று சொல்வது போதாது. அருவியை மட்டும் விட்டுத்தர மாட்டேன். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்து அந்த ஒரு ஸ்டேஜை ஆடிப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

#11 கெடிலக்கரை

அண்ணே, திருப்பி வைத்து ஆடினேன்! அலுவலக மானிட்டர் சுழலும். நீங்கள் சொன்னது உண்மை. மேலே அவ்வளவு தூரம் தெரிகிறது. அண்ணன் மகனை இரண்டாவது ஆளாக வைத்து ஏறினேன். அவனுக்காக ஓரிடத்தில் நின்றேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை.

#12 முத்தியால்பேட்டை

என் ஆம்ஸ்ட்ராட் இன்னும் மாடியில் இருக்கிறது. டேப் ரெக்கார்டரின் பெல்ட் இளகி ஒட்டிக்கொண்டது, கேசட் சுற்றவில்லை. சால்டர் சார், காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய டேப் ரெக்கார்டர்கள் வருகின்றன. அதில் இருந்து பெல்ட் எடுத்துப் போட முடியுமா, அளவு எப்படிப் பார்ப்பது?

#13 சால்டர்_திருப்பாப்புலியூர்

சந்தையில் பழைய பெல்ட் வாங்காதீர்கள், அதுவும் அதே வயதுதான், வாங்கிய மாதமே இளகும். இளகியதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கப்பியில் இருந்து சுத்தமாகத் துடையுங்கள், கறுப்பு கையில் ஒட்டினால் லேசில் போகாது. அப்புறம் ஒரு நூலைக் கப்பிகளைச் சுற்றி இறுக்கமில்லாமல் வைத்து நீளம் அளந்து, அதில் ஐந்து ஆறு சதவீதம் குறைத்துப் புது பெல்ட் கேளுங்கள். தடிமன் பழையது போலவே. மோட்டார் பக்கத்தில் வேகம் திருத்தும் சிறிய திருகு இருந்தால் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

மஞ்சக்குப்பம் தம்பி, உங்கள் பெட்டி என்ன ஆனது?

#14 மஞ்சக்குப்பத்தான்

2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து பரணில் இருந்த எல்லாம் நனைந்தது. மின்சாரம் திரும்பி வந்தபின் போட்டுப் பார்த்தேன், திரை சாம்பல் நிறத்தில் நின்றது. கேசட் மட்டும் உலர்த்தி வைத்திருக்கிறேன்.

#15 சால்டர்_திருப்பாப்புலியூர்

கேசட்டின் பின்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு எடுத்து வாருங்கள். அறுபது பின் கேசட்தானே? என்னிடம் யூஏ6527பி உள்ள பலகை ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது, பழைய பிக்சர் டியூப் டிவியும் இருக்கிறது. முத்தியால்பேட்டைக்காரரும் ஆம்ஸ்ட்ராடின் டேப் பகுதியைக் கழற்றிக் கொண்டுவரட்டும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும்.

#16 நெய்வேலிவாசி

சுழலும் மானிட்டர் ஒன்று என்னிடமும் இருக்கிறது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன்.